தாய் சேய் நலத் திட்டத்தை அளக்கப் போகிறவர்களுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் தாய் சேய் நலத் திட்டங்களை நடத்தும் அமைப்புகளுக்கு,

வணக்கம். திட்டம் முடியும் தறுவாயில்தான் உங்களுக்கு மதிப்பீடு ஞாபகம் வருகிறது. கணக்கெடுக்க இரண்டு இளம் பிள்ளைகள் கேள்விப் போம் (படிவம்) கட்டோடு ஊருக்கு வருவார்கள். தாய்மார் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களிடமே போய், கூட்டம் பயன்பட்டதா என்று கேட்பார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தந்தவரிடம் யார் இல்லையென்பார்? நானும் அப்படிப் போம் நிரப்பித் திரிந்தவன்தான்.

முன்னும் பின்னும் அளந்தால் போதும் என்றிருக்காதீர்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். அதுவரை கர்ப்பிணியும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 2008இல் தொடங்கி 2010இல் முடிந்த திட்டம் ஒன்று இருந்திருந்தால், பாலத்தின் புண்ணியமும் போர் ஓய்ந்த புண்ணியமும் அதன் கணக்கில்தான் ஏறியிருக்கும். 2022இல் நேர்மாறு. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. நல்ல திட்டமும் தோற்றதாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே ஒப்பிட ஊர்கள் வேண்டும். எல்லா ஊருக்கும் ஒரேயடியாகப் போக உங்களிடம் ஆளுமில்லை, காசுமில்லை. சரி, எந்த ஊர் முதலில் என்று சீட்டுக் குலுக்குங்கள். காத்திருக்கும் ஊர்தான் இந்த வருட ஒப்பீடு. அடுத்த வருடம் அதற்கும் திட்டம் போகும். ரோட்டோரத்து ஊர், பிரமுகர் சொன்ன ஊர் என்று பொறுக்கினால் எல்லாம் கெட்டது.

அப்புறம், தாய் மரணத்தைக் குறைத்தோம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இலங்கையில் அது ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 30 அளவில்தான். ஆயிரம் பிரசவம் நடக்கும் பிரதேசத்தில் ஒரு வருடம் எதுவும் நடக்காது, மறு வருடம் ஒன்று நடந்துவிடும். கர்ப்பத்தின் எட்டு வாரத்துக்குள் பதிந்தவர்கள், பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள், பிரசவித்து 10 நாளுக்குள் மருத்துவமாது (ஊருக்குப் பொறுப்பான பிரசவத் தாதி) வந்துபோன வீடுகள்: இவற்றை எண்ணுங்கள். பாதிக்குமேல் அவருடைய பதிவேட்டிலேயே கிடக்கிறது.

வங்காளதேசத்தில் பெண்கள் குழுக்களை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. பச்சிளம் குழந்தை மரணத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கூடுதல் கர்ப்பிணிகளை எட்டும்படி குழுக்களை நெருக்கமாக அமைத்துச் செய்த அடுத்த ஆய்வில், 2013இல், 38 சதவீதம் குறைந்திருந்தது. எத்தனை கூட்டம் வைத்தீர்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். ஊரிலுள்ள கர்ப்பிணிகளில் எத்தனை பேர் வந்தார்கள்?

வெருகல் பக்கம் அடுத்த முறை போகும்போது, கூட்டத்துக்கு வராத பெண்ணிடமிருந்து முதல் போமைத் தொடங்குங்கள். மருத்துவமாதுவைக் கேட்டால் வீட்டைக் காட்டுவார். காட்டிவிட்டு அவர் போய்விடட்டும். அவரை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாய் திறக்கமாட்டார்.

இப்படிக்கு,
முன்னாள் கணக்கெடுப்பாளன் ஒருவன், மூதூர்