வேண்டாம் என்றாவது சொல்லுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும்,

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறேன். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பேரூராட்சியில் ஒரு வார்டுக்குச் சுயேச்சையாக நின்று தோற்றேன். நாவல் ஒன்று எழுதி உங்களில் சிலருக்கு அனுப்பினேன். அதிலும் தோற்றேனா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

தேர்தலில் அந்தக் குழப்பம் இல்லை. பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை. எங்கள் வார்டு முறை வந்ததும் அலுவலர் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினார், எண்கள் வரிசையாக வந்தன, முகவர்கள் குறித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த கட்சி முகவர் என் எண்ணை எழுதும்போது மட்டும் நோட்டைக் கையால் கொஞ்சம் மறைத்துக்கொண்டார், பாவம். டெபாசிட் போயிற்று. "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று அப்புறம் சொன்னவர்களைக் கூட்டினாலே விழுந்ததைவிட அதிகம் வரும். சரி, அது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

வலிக்கத்தான் செய்தது. தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டுப் பாட்டி ஒருவரிடம் ஏன் போடவில்லை என்று நேராகவே கேட்டேன். "நீ நல்ல புள்ளதான் கண்ணு. தண்ணி வரலைன்னா நீ யாருகிட்ட போய் நிப்ப? கட்சிக்காரன்னா ஒரு போன் போடுவான்" என்றார். பதில் பேச எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம்தான் தண்ணீருக்கு எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும், யாரை எத்தனை நாளில் மறுபடி பார்க்க வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். இப்போது அந்தப் பாட்டி வீட்டு மனுவையும் நான்தான் எழுதுகிறேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் காமராஜரே 1967-ல் விருதுநகரில் தோற்றார் என்றார்கள். உண்மைதான். ஆனால் எத்தனை ஓட்டில் என்பது அவருக்குத் தெரியும்: 1,285. இரண்டு வருடத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயிக்கவும் முடிந்தது. முடிவையே அறிவிக்காமல் விட்டிருந்தால் அவர் எங்கே போய் நின்றிருப்பார்?

எங்கள் நீலகிரிக்கு 'வேண்டாம்' என்று சொல்வதில் கூச்சம் கிடையாது. 2014 நாடாளுமன்றத் தேர்தலில் இங்கே பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியானது. கட்சியின் அங்கீகாரப் படிவம் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பது காரணம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு நோட்டா வந்த முதல் முறை அது. நீலகிரி தொகுதியில் 46,559 பேர் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். அதிமுக, திமுகவுக்கு அடுத்த இடம் நோட்டாவுக்கு. அந்த வருடம் நாட்டில் வேறெந்தத் தொகுதியிலும் அவ்வளவு விழவில்லை. (தொகுதியில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் சேர்த்தி என்பதால் மலைக்காரர்கள் மட்டும் பெருமையடித்துக்கொள்ள முடியாது.)

மனுத் தள்ளுபடிக்கும் ஒரு முறை இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, 36-ஆவது பிரிவைப் பாருங்கள். மனுவைத் தள்ளும் தேர்தல் அலுவலர் அதற்கான காரணத்தைச் சுருக்கமாக எழுத்தில் பதிய வேண்டும். பெரிதாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத குறைக்காகத் தள்ளவும் கூடாது. டெபாசிட் வாங்கத் தகுதியே இல்லாத சுயேச்சைக்கும் இதே மரியாதைதான்.

இனி உங்கள் பக்கம். பதிவுத் தபாலில் அனுப்பிய பிரதிக்கு ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. ரப்பர் முத்திரை, அதன்மேல் ஒரு சுழி. அந்தப் பதிப்பகத்திலிருந்து எனக்கு வந்த ஒரே எழுத்து அந்தச் சுழிதான். போன் போட்டால் "பார்த்துட்டுச் சொல்றோம் சார்." அடுத்த முறை "புத்தகக் கண்காட்சி முடியட்டும்." கண்காட்சி முடிந்தால் "நூலக ஆர்டர் வரட்டும்." ஒருவர் மட்டும் காரணம் சொன்னார்: கோப்பு யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கிறதாம், திறந்து பார்க்கவில்லையாம். 36-ஆவது பிரிவு உங்களுக்குப் பொருந்தாதது எவ்வளவு வசதி! இன்னொருவர், அச்சுச் செலவை நான் ஏற்றால் உடனே போட்டுவிடலாம் என்றார். படித்தீர்களா என்று கேட்டேன். அது எதற்கு என்பதுபோல் சிரித்தார்.

உங்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. பல இடங்களில் முதலாளி, மெய்ப்பு பார்ப்பவர், பொட்டலம் கட்டுபவர் எல்லாம் ஒரே ஆள். வருகிற கட்டுகளை முழுதாகப் படிக்க யாருக்கு நேரம்? ஆனால் நேரமின்மை பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி தாட்சண்யம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வராது. சொன்னால் எழுதியவர் சண்டைக்கு வருவார், ஃபேஸ்புக்கில் திட்டுவார், நாளைக்கு ஏதாவது விழாவில் எதிரே வந்து நிற்பார். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எழுதுகிறவர்கள் நாங்கள் அப்படி நடந்துகொள்ளவும் செய்கிறோம். ஆனாலும், எனக்கு ஓட்டுப் போடாத தெருவில்தான் நான் தினமும் டீ குடிக்கிறேன். யாரும் யாரையும் கடித்துவிடவில்லை.

உங்கள் மௌனத்தால் எழுதுகிறவனுக்கு நேர்வது இதுதான்: பிரதி படிக்கப்பட்டதா என்றே தெரியாததால் திருத்தவும் தோன்றாது, இன்னொருவருக்கு அனுப்பவும் துணிவு வராது, அடுத்ததைத் தொடங்கவும் கை ஓடாது. எங்கள் தேயிலை ஃபேக்டரியில் இலையைத் தராசில் வைத்தவுடனே ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். கோபம் வரும், திட்டுவோம். மறுநாள் இலையைக் கொஞ்சம் பார்த்துத்தான் பறிப்போம்.

மூன்று மாதம், இல்லை ஆறு மாதம், ஒரு கெடு வையுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் அறிவிப்பில் ஒரு வரி போட்டாலும் போதும். படித்தவர்கள் எதுவரை படித்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பத்துப் பக்கத்தில் நிறுத்தினேன் என்பதும் எனக்கு உதவும்.

இந்த முறை பிரதியோடு என் விலாசம் எழுதிய அஞ்சலட்டையும் வைத்திருக்கிறேன். 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறது, ஒன்றில் டிக் அடித்தால் போதும். கீழே காரணத்துக்கு இரண்டு வரி இடமும் உண்டு. கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன், அதனால் பாமினி என்று எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவன்