கேமராவுக்கு 'ஆம்' போடத் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உண்மையில் நடந்த கொலை வழக்குகளைப் படமாகவும் தொடராகவும் எடுப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்தே எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு நடுவில் நாள் தள்ளிப்போனது. முந்தாநாள் நாகர்கோவில் மணிமேடையில் பஸ்ஸுக்கு நின்றபோது நடந்ததைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவனாக இருக்கும், நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைக் காட்டி, "லே, இவருதான் ஒரு கொலை கேஸுல உள்ள போனவரு, செல்லுல வீடியோ பாத்தேன்" என்றான். கூட இருந்தவன் கேட்டான்: "அப்பிடியா, யாரக் கொன்னாரு?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது, இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி அந்தச் சிலையிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த ஊர் மண்ணில், அவர் சிலைக்கு முன்னாலேயே, அவர் யாரைக் கொன்றார் என்று ஒரு பையன் சாதாரணமாகக் கேட்கிறான் என்றால் தப்பு அந்தப் பையன் மேல் இல்லை. அவனுக்குக் கதையின் முன்பாதியை மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பின்பாதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1944 நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் அவர் இறந்துபோனார். 'சினிமா தூது', அப்புறம் 'இந்து நேசன்' என்று பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளைப் பற்றிக் கண்டபடி எழுதியவர் அவர். சதி செய்து ஆள் வைத்துக் கொன்றார்கள் என்று எம்.கே.தியாகராஜ பாகவதரையும் கலைவாணரையும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவையும் கைது செய்தார்கள். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்குத்தான் வந்திருந்தது. அவர் சிறையில் இருக்க, படம் சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. நாயுடு விடுதலையானார். பாகவதரும் கலைவாணரும் குற்றவாளிகள் என்று ஜூரிகளில் பெரும்பான்மையோர் சொல்ல, 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விழுந்தது. உயர் நீதிமன்ற அப்பீலும் தள்ளுபடி. கடைசியில், அன்றைக்கு நமக்கெல்லாம் மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கே அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்கு மறுபடியும் சென்னைக்கே வந்து, 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலையானார்கள். வழக்கின் கடைசி வார்த்தை அந்த விடுதலைதான். ஆனால் யாரிடம் கேட்டாலும் 'ஜெயிலுக்குப் போனவர்' என்பதுதான் முதலில் வருகிறது, அதற்கு மேல் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

இந்த வழக்கைத் திரையில் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, எடுக்கத்தான் வேண்டும். பயம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் மொழியில் ஒரு அருமையான வசதி உண்டு. நாம் பார்க்காத ஒன்றைச் சொல்லும்போது கடைசியில் 'ஆம்' சேர்த்துக்கொள்வோம். வந்தாராம், பேசினாராம், பணம் கொடுத்தாராம். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று அந்த இரண்டு எழுத்து சொல்லிவிடும், படிக்காத கிழவிகூட அதைச் சரியான இடத்தில் போடுவாள். கேமராவிடம் அது கிடையாது. ஒரு அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ரகசியம் பேசுவதாகவும், கலைவாணர் வேஷத்தில் இருப்பவர் மெல்லத் தலையாட்டுவதாகவும் எடுத்துவிட்டால் போதும், 'தலையாட்டினாராம்' என்பது 'தலையாட்டினார்' ஆகிவிடும். பார்க்கிறவர் அதைச் சாட்சியின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள மாட்டார், தான் கண்ட காட்சியாகவே எடுத்துக்கொள்வார். பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் இத்தனை நீதிபதிகள் வருடக்கணக்கில் உடைத்துப் பார்த்த ஒரு விஷயத்தை ஒரு தலையாட்டல் மூன்று விநாடியில் முடித்துவிடும். அப்புறம் கடைசியில் கறுப்புத் திரையில் 'இவர்கள் பின்னர் விடுதலை செய்யப்பட்டனர்' என்று நான்கு விநாடி எழுத்து போட்டு என்ன பயன், அதற்குள் பாதிப் பேர் அடுத்த எபிசோடுக்குப் போயிருப்பார்கள்.

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். என் பெரியப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற வேலையில் இருந்தவர். எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தில் ஒருவர் வெட்டுப்பட்டுக் கிடந்தார், சந்தேகத்தில் பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முந்தின வாரம் அந்த ஆளோடு வாய்த்தகராறு நடந்திருந்தது, அது ஒன்றுதான் காரணம். இரண்டு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்து, அவருக்குச் சம்பந்தமில்லை என்று விடுதலை ஆனார். தீர்ப்பு நகலை வாங்கி பிளாஸ்டிக் கவரில் போட்டு பெட்டிக்குள் வைத்திருந்தார்.

அடுத்த வருஷம் ஊர்த் திருவிழாவில் பையன்கள் நாடகம் போட்டார்கள். யார் பெயரும் சொல்லவில்லை. ஊர் பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் வெட்டினவனாக வந்த பையன் பெரியப்பா மாதிரியே தலையில் சிவப்புத் துண்டு கட்டி, இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். ராத்திரியில் தோட்டத்து ஓடையில் கத்தியைக் கழுவுகிற மாதிரி ஒரு காட்சி, அதற்கு நல்ல கைதட்டு. பெரியப்பா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார், அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் திருவிழாவுக்குப் போகவில்லை. அது கூடப் போகட்டும். ஏழெட்டு வருஷம் கழித்து அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் எங்கள் ஊர்க்காரர் ஒருவரே சொல்லியிருக்கிறார்: "அவரு ஓடையில கத்தி கழுவினத ஊரே கண்டிருக்கு." அவர் பொய் சொல்லவில்லை ஐயா, உண்மையாகவே கண்டிருக்கிறார், நாடகத்தில். எது நாடகம், எது நடந்தது என்பது அவருக்குள்ளே கலந்துபோய்விட்டது. வழக்கில் கத்தி கழுவியதாக யாருமே சாட்சி சொல்லவில்லை. நாடகம் எழுதின பையன் சேர்த்தது அது. பெரியம்மா அன்றைக்குச் சொன்னாள்: "கோர்ட்டு விட்டுச்சு மக்களே, நாடகம் விடல்ல."

ஒரு திருவிழா மேடைக்கே இவ்வளவு பலம் என்றால் கோடிக்கணக்கில் செலவு செய்து நல்ல நடிகரும் நல்ல இசையும் வைத்து எடுக்கிற தொடருக்கு எவ்வளவு பலம் இருக்கும்.

நம் பக்கத்தில் வில்லுப்பாட்டிலும் கொலைக்கதைதானே பாடுகிறார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள் பலர் நம் ஊர்களில் தெய்வமாக நிற்கிறார்கள், கொடை விழாவில் அவர்கள் கதையை அவர்கள் சன்னதியிலேயே வைத்துப் பாடுகிறோம். கலைவாணரும் வில்லுப்பாட்டு பாடியவர்தான். ஆனால் அங்கே கதை சொல்கிறவர் வில்லுக்கு முன்னால் முகம் தெரிய உட்கார்ந்திருக்கிறார். இது ஒருவர் சொல்கிற கதை என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். தப்பாகச் சொன்னால் எழுந்து கேட்க ஊர்ப் பெரியவர் எதிரிலேயே இருப்பார். தொடரில் சொல்கிறவர் மறைந்துகொள்கிறார், சொன்னது மட்டும் நிற்கிறது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. கொலைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆவணத்தில் உள்ளதை யாருடைய சம்மதமும் இல்லாமல் வெளியிடலாம் என்றது. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. ஆவணத்தைத் தாண்டி ஒருவருடைய வாழ்க்கைக்குள் போனால் அந்தரங்கத்தை மீறியதாகலாம், விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அது வேண்டும். ஆனால் ஆள் செத்துப்போனால் கதை வேறு. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்துக்கு எதிராக அவர் அண்ணன் மகள் போட்ட வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், இறந்தவரின் புகழும் அந்தரங்க உரிமையும் சொத்து மாதிரி வாரிசுக்கு வராது என்றுவிட்டது. கலைவாணர் 1957-லும் பாகவதர் 1959-லும் போய்விட்டார்கள், இரண்டு பேருக்கும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவர்களுக்காக இன்றைக்குக் கோர்ட்டுக்குப் போக யாருக்கும் வலுவான பிடி இல்லை. ஓடிடிக்குத் திரைப்படத் தணிக்கையும் கிடையாது, வயது வகைப்பாட்டை அவர்களே போட்டுக்கொள்ளலாம். ஆக எல்லாம் எடுக்கிறவர் மனசாட்சியைப் பொறுத்ததுதான்.

பெயரை மாற்றிவிட்டோம், தொடக்கத்தில் கற்பனை என்று கார்டு போட்டுவிட்டோம் என்பார்கள். பெரியப்பா கதைக்குப் பிறகு அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும். உண்மைச் சம்பவம் என்று சொல்லி விளம்பரம் செய்துவிட்டு, வழக்கு வந்தால் கற்பனை என்பது எந்த ஊர் நியாயம்? 'ஜெய் பீம்' படத்தில் சுவரில் தொங்கிய ஒரு காலண்டர் எவ்வளவு பெரிய பிரச்சினை ஆனது என்று பார்த்தோம், கடைசியில் அதை மாற்றினார்கள். ஒரு காலண்டருக்கே ஜனங்கள் அவ்வளவு அர்த்தம் எடுக்கும்போது ஒரு மனிதரின் தலையாட்டலுக்கு எடுக்க மாட்டார்களா?

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, காத்திருக்க வேண்டும். மும்பை குண்டுவெடிப்பு பற்றிய 'பிளாக் ஃப்ரைடே' படத்தை நீதிமன்றம் நிறுத்தி வைத்து, அது 2007-ல்தான் வெளிவந்தது. படம் கெட்டுப்போகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கலைவாணர் மேல் உள்ள பிரியத்தில் அதை விட்டுவிட்டேன் என்று இருக்கக் கூடாது. லட்சுமிகாந்தனும் ஒரு மனிதர்தான். அவர் எழுதியது எனக்குப் பிடிக்காது, பல குடும்பங்களை அழ வைத்திருக்கிறார். அதற்காக நடுத்தெருவில் குத்துப்பட்டதை 'வேண்டும் அவனுக்கு' என்கிற மாதிரி இசை போட்டு எடுத்தால் அதுவும் அதே பாவம்தான்.

சரி, எப்படித்தான் எடுப்பது என்று கேட்பீர்கள். சதி நடந்ததாகச் சொல்லப்படும் காட்சியை நேராக எடுக்காதீர்கள். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் வாயால் வரட்டும், அவர் சொல்லச் சொல்ல அவர் முகத்தையே காட்டுங்கள், குறுக்கு விசாரணையில் அந்த முகம் என்ன ஆகிறது என்று காட்டுங்கள், முடிவைப் பார்க்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும். அதுதான் கேமராவில் 'ஆம்' போடுகிற வழி. விடுதலையான செய்தியை முதல் எபிசோடின் முதல் காட்சியிலேயே வையுங்கள். சுவாரசியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். முடிவு தெரிந்த பிறகும் ராமாயணம் பார்க்கிறவர்கள் நாம். உள்ளே உட்கார்ந்து லண்டனிலிருந்து என்ன சேதி வரும் என்று கலைவாணர் காத்திருந்த மாதங்கள், வெளியே அவர் மனைவி மதுரம் அம்மாள் வழக்குச் செலவுக்கு அலைந்த அலைச்சல், ஊரையே சிரிக்க வைத்தவர் சிறைக்குள் எப்படி இருந்தார், வெளியே வந்தபின் இவருக்கு மறுபடி படம் ஓட, பாகவதருக்கு மட்டும் ஏன் பழைய காலம் திரும்பவில்லை, எடுக்க இவ்வளவு கிடக்கிறது. கத்திக்குத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இப்படி ஒரு படமோ தொடரோ வந்து நீங்கள் விமர்சனம் போடும்போது பக்கத்திலேயே சின்னதாக ஒரு கட்டம் போடுங்கள். வழக்கு எது, கடைசியாகத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் எது, எந்த வருஷம், என்ன சொன்னது. நான்கு வரி போதும். மணிமேடையில் பார்த்த அந்தப் பையன் கண்ணில் அது பட்டால் தன் கூட்டாளிக்குச் சரியான பதிலைச் சொல்லிவிடுவான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.