கும்பிடு கை போட்டால் கோரம் சேராது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 240 பேர். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், சென்னையில் கார் ஓட்டுகிறவர்கள், துபாய், சிங்கப்பூர் போனவர்கள், ஊரிலேயே கிடக்கும் என்னைப் போன்ற சிலர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கடை உடைந்து ஓடுவதை ஏப்ரல் கடைசியில் ஒருவர் படம் எடுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் கோப முகம், கும்பிடு கை, ‘கேட்க நாதியில்லை’, ‘அடுத்த எலெக்‌ஷன்ல பாத்துக்கலாம்’ என்று நாற்பது ஐம்பது பதில்கள். அப்புறம் யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, ஆளாளுக்கு கேக் படம் அனுப்ப, சாக்கடைப் படம் மேலே போய் மறைந்துவிட்டது.

அடுத்த வாரமே மே 1 கிராம சபை. எங்கள் ஊராட்சிக்கு 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. பதினோரு மணிக்குப் பந்தலில் முப்பது பேர்கூட இல்லை. வழக்கம்போல நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச்சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள். (நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு கூட்டத்துக்கு நானும் போகவில்லை.) சாக்கடையைப் பற்றி எழுந்து கேட்டவர் பட்டன் போன் வைத்திருக்கும் ஒரு அக்கா. அவர் குழுவில் இல்லை, அந்தப் படத்தைப் பார்த்ததும் இல்லை, தினமும் அதைத் தாண்டித்தான் குடம் தூக்கிப் போகிறார், அவ்வளவுதான். அவர் விடாமல் கேட்டதால் விஷயம் தீர்மான நோட்டில் ஏறியது. குழுவில் கொதித்தவர்களில் ஊரில் இருந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள், ஒருவரையும் அங்கே காணோம்.

வாட்ஸ்அப் வீண் என்று சொல்ல வரவில்லை. மேலூர்ப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போனது என்று 2024 நவம்பரில் தெரிந்ததும், அரிட்டாபட்டிக்கும் சுற்றுவட்டத்துக்கும் அந்தச் செய்தியையும் வரைபடத்தையும் கொண்டு சேர்த்ததில் போன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. அதே நவம்பர் 23-ஆம் தேதி கிராம சபையில் உட்கார்ந்து, சுரங்கம் வேண்டாம் என்று ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் கிளம்பி மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு போனார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மெரினாவிலும் அப்படித்தான்: 2017-இல் ஜல்லிக்கட்டுக்காகக் கூப்பிட்டது ஃபேஸ்புக்காக இருக்கலாம், மணலில் ராப்பகலாக உட்கார்ந்தது ஆட்கள்.

வெறும் மின்னஞ்சலே வேலை செய்ததும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2015-இல் இணையச் சமநிலை (எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்துவது) பற்றி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போய்க் குவிந்தன. அடுத்த பிப்ரவரியில், எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்து, சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டம் இங்கே மூட்டை கட்டியது. அங்கே கேட்பதற்கு ஒரு அலுவலகம் இருந்தது, கடைசித் தேதி இருந்தது, வந்த கடிதத்தைக் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. எங்கள் குழுவில் போடும் கோப முகத்தை யார் கணக்கில் எடுப்பது?

கையில் நெட் இருந்தாலே ஆர்வம் வந்துவிடும் என்றால் சென்னை அல்லவா முன்னால் நிற்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் வாக்குப் பதிவு, தென் சென்னையில் 54 சதவீதம். வீடு மாறிப் போனவர்கள் பெயர் பட்டியலில் அப்படியே கிடப்பதும் இதில் சேரும், முழுப் பழியையும் நகரத்துக்காரர்கள் தலையில் கட்ட முடியாது. இருந்தாலும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை.

கூட்டம் முடிந்த அன்று இரவு ஊராட்சிக் கணக்குகளைப் போடும் இ-கிராம ஸ்வராஜ் என்ற அரசுத் தளத்தில் எங்கள் ஊராட்சியின் பெயரைத் தேடிப் பார்த்தேன். எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு என்று ஆண்டுவாரியாக இருக்கிறது. இத்தனை நாள் யாரும் திறந்து பார்க்கவில்லை, நான் உட்பட. பாதிக்கு மேல் ஆங்கிலம், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் படிக்க முடிந்தது. கணக்கை இப்படிப் போடத் தெரிந்த அரசுக்கு, கிராம சபையின் பொருள் பட்டியலை ஒரு வாரம் முன்னாலும், கையெழுத்தான தீர்மானத்தைக் கூட்டம் முடிந்த மறுநாளும் தமிழில் இணையத்தில் போடுவது பெரிய காரியமா? திருப்பூரில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு ஊரில் இருக்கும் அம்மாவிடம் ‘இதைக் கேளும்மா’ என்று சொல்லி அனுப்பலாமே. கூட்டத்தை நேரலையாகக் காட்ட வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் சம்மதமில்லை. கேமராவை நீட்டினால் அந்த அக்கா வாயே திறக்க மாட்டார், மைக் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் பேசுவார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால், என்னென்ன கேட்கலாம், எந்தக் கணக்கைக் காட்டச் சொல்லலாம் என்று கால் பக்கம் போடுங்கள். வெட்டிப் படம் எடுத்துக் குழுவில் போடுவது என் பொறுப்பு. தளத்தில் பார்த்த அந்தச் செலவுக் கணக்கை நான் குழுவில் போட்ட அன்று மூன்றே பேர்தான் பதில் சொன்னார்கள். அதில் துபாயில் இருக்கும் ஒரு தம்பி மட்டும் ‘அடுத்த கூட்டம் எப்போண்ணே, அப்பாவை அனுப்புறேன்’ என்று கேட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு கிராமத்து வாசகர்,
சிவகங்கை மாவட்டம்