டி.சி. வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஆசிரியருக்கு,

பள்ளி மாறும் பிள்ளைகளின் பெற்றோர் டி.சி.க்காக அலைவது பற்றிய செய்தியைப் படித்தேன். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது, 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. பெற்றோருக்கு இது எங்கே தெரிகிறது?

எனக்கும் தெரியாது. பணிமாற்றலில் ஊர் மாறியபோது, நான்காம் வகுப்பு படித்த என் மகள் பதினோரு நாள் வீட்டிலேயே இருந்தாள். பாடத்தைக்கூடப் பிடித்துவிட்டாள், அதற்குள் வகுப்பில் எல்லாரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை. சேர்க்கை நடக்கும் மே, ஜூன் மாதங்களில் இந்தப் பிரிவைப் பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறை உத்தரவிடலாம்.

- ஒரு தாய், திருச்சி