உரிமம் வேண்டாத துப்பாக்கியும் நம் கரைக்கு வரும் பறவைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலசைப் பருவம் தொடங்கியதும் தனுஷ்கோடிக்கும் வாலிநோக்கத்துக்கும் பூநாரைகள் வந்து சேரும் செய்தியை நாளிதழ்கள் படத்துடன் வெளியிடுகின்றன. அதே பருவத்தில் கண்மாய்க் கரைகளிலும் உப்பளப் பாத்திகளின் ஓரத்திலும் ஏர்கன்னுடன் திரியும் இளைஞர்களைப் பற்றியும் எழுதப்பட வேண்டும். கேட்டால், "இதற்கு லைசென்ஸ் தேவையில்லை" என்கிறார்கள்.

வைத்திருப்பதைப் பொறுத்தவரை அது சரிதான். குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளியேறும்போது அதற்குள்ள ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் விலக்கு அளிக்கின்றன. ஆனால் அளவில் சிறியது என்பதாலேயே அதை விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடுகிறார்கள். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிகளுள் மிகச் சிறியவற்றில் ஒன்று, 1914இல் ஆஸ்திரியாவில் உருவான கோலிப்ரி. அதன் குண்டு 2.7 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 0.2 கிராம் எடையும் உடையது. ஆற்றலோ 4 ஜூல் அளவுதான். வெடிமருந்தால் இயங்குவதால் அத்தகைய துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் வேண்டும். அதைப் போல் ஐந்து மடங்கு ஆற்றல் வரை தரக்கூடிய ஏர்கன்னுக்கோ வேண்டாம். அரை கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, நாரையின் உடலைத் துளைக்கவும் பாத்தியில் வேலை செய்பவரின் கண்ணைப் பறிக்கவும் போதுமானது. அடிபட்ட பறவை அங்கேயே விழுவதும் இல்லை. எங்கோ போய்ச் செத்து, அதைத் தின்னும் பருந்தின் வயிற்றுக்கும் ஈயம் போய்ச் சேர்கிறது.

இந்த விலக்கையே நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதே 4.5 மில்லிமீட்டர் துப்பாக்கிப் போட்டியில்தான். பயிற்சிக்கூடத்தில் காகித இலக்கைச் சுடும் பிள்ளைகளுக்கு அது அவசியம். ஆனால் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்பது பறவையைச் சுட அனுமதி ஆகிவிடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குழலின் விட்டத்தைப் பார்ப்பதே இல்லை; வலை, கண்ணி, தூண்டில் முள் ஆகியவற்றைக்கூட அது ஆயுதம் என்றே வரையறுக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். உள்ளே வேட்டையாடினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகியவற்றோடு 2025இல் தனுஷ்கோடியும் சரணாலயமாகிவிட்ட நம் மாவட்டத்தில், ஏர்கன் வாங்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே, ஏர்கன்னும் குண்டுகளும் விற்கும் கடைகளில் இச்சட்டப் பிரிவுகளையும் தண்டனையையும் தமிழில் எழுதி வைக்கவும், வாங்குவோரின் பெயர், முகவரியைப் பதிவு செய்யவும் மாவட்ட நிர்வாகம் ஆணையிட வேண்டும். சரணாலய எல்லைக்கு வெளியே உள்ள கண்மாய்களிலும் உப்பளங்களிலும் அதிகாலையில் வனத்துறை ரோந்து செல்ல வேண்டும். பெரும்பாலும் சுடுவது அந்நேரத்தில்தான். இவற்றை வரும் வலசைப் பருவத்துக்கு முன்பே செய்து முடிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.