ஹோட்டல் நிர்வாகங்களுக்கு: என் பாஸ்போர்ட்டை உங்க போன்ல போட்டோ எடுக்காதீங்க

ஹோட்டல் நடத்துறவங்களுக்கும் ரிசப்ஷனுக்குப் பொறுப்பா இருக்கற மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் எஸ்கார்ட், அதாவது பாலியல் தொழில் செய்யறவ. வேலைக்காக நாடு விட்டு நாடு போறவ, வருஷத்துல பாதி நாள் உங்க ரூம்லதான் தூங்கறேன். செக்-இன் எப்படி நடக்கும்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

போன மாசம் ராத்திரி 11 மணிக்கு மேல ஒரு ஹோட்டலுக்குப் போய் சேர்ந்தேன். ஸ்கேனர் வேலை செய்யலன்னு சொல்லிட்டு கவுண்டர்ல இருந்த தம்பி தன் சொந்த போனை எடுத்து என் பாஸ்போர்ட்டை போட்டோ எடுத்துட்டார், வேணாங்கன்னு நான் சொல்றதுக்குள்ள எடுத்தாச்சு. சரியா விழுந்திருக்கான்னு அவர் திறந்து பார்த்தப்ப எனக்கும் தெரிஞ்சுது. ஏதோ ஒரு குழந்தையோட பிறந்தநாள் கேக் போட்டோவுக்குப் பக்கத்துல என் முகம், முழுப்பேரு, பிறந்த தேதி, பிறந்த இடம், அடியில மெஷின் படிக்கற 44 எழுத்து வரி ரெண்டு.

மூணாவது நாள் என் வேலை நம்பருக்கு ஒரு மெசேஜ். பாஸ்போர்ட்ல இருக்கற பேரைப் போட்டு "நீங்கதானே?"ன்னு மட்டும் கேட்டிருந்துச்சு. அந்த நம்பரை நான் ஹோட்டல் ஃபார்ம்ல எழுதவே இல்லங்க. அது விளம்பரத்துல மட்டும் இருக்கற நம்பர், அங்க எனக்கு வேற பேரு. ரெண்டு போன், ரெண்டு ஈமெயில், விளம்பரத்துக்குப் போடற போட்டோவுல எங்க எடுத்ததுன்னு காட்டற தகவலைக்கூட அழிச்சுட்டுதான் போடுவேன், இப்படிப் பல வருஷமா என்னோட அந்த ரெண்டு பெயரும் ஒண்ணா சேராம பார்த்துக்கிட்டேன். ஒரே வரியில சேர்த்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்துட்டு உக்காந்திருந்தேன்.

புகார் கொடுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. முதல் கேள்வியே என்ன வேலையா வந்தீங்கன்னு வரும். 10 வருஷத்துக்குள்ள இந்தத் தொழில் செஞ்சவங்கன்னு தெரிஞ்சா அமெரிக்கா விசா மறுக்க அவங்க சட்டத்துலயே இடம் இருக்கு. நியூசிலாந்துல 2003லயே இந்தத் தொழில் குற்றம் இல்லன்னு ஆக்கிட்டாங்க, ஆனா தற்காலிக விசாவுல வந்தவங்களுக்கு அந்த அனுமதி கிடையாது. இப்படி இருக்கறப்ப நான் எந்த வாசல்ல போய் நிக்கறது? நம்பரை மாத்தினேன், பழைய கஸ்டமர்ல பாதிப்பேரை இழந்தேன், வாயை மூடிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினேன்.

விருந்தாளி விவரத்தை எழுதி வைக்கறது சட்டம், அதுல எனக்கு சண்டையே இல்ல. தங்களுக்குள்ள எல்லைச் சோதனையை எடுத்துட்ட ஐரோப்பாவோட ஷெங்கன் நாடுகள் ஒப்பந்தத்துலகூட வெளிநாட்டுக்காரங்க படிவத்தை நிரப்பி கையெழுத்துப் போடணும், அடையாளத்தைக் காட்டணும்னுதான் இருக்கு. வேலை செய்யறவரோட சொந்த போன்ல போட்டோ எடுக்கணும்னு எந்தச் சட்டம் சொல்லுது? ஐரோப்பாவுல 2018ல இருந்து தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, தேவைக்கு மேல வாங்காதேன்னு அது தெளிவா சொல்லுது. அதே 2018ல மேரியட் ஹோட்டல் நிறுவனம் அறிவிச்ச தகவல் திருட்டுல, பூட்டு எதுவும் போடாம வச்சிருந்த பாஸ்போர்ட் நம்பர் மட்டும் 50 லட்சத்துக்கு மேல போயிருந்துச்சு, அதைப் பார்த்த பிறகும் உங்க டிராயர்லயும் வாட்ஸ்அப் குரூப்லயும் எங்க பாஸ்போர்ட் காப்பி கிடக்குதுன்னா என்னங்க அர்த்தம்! ஜெர்மனியில 2017 சட்டப்படி எங்களைப் பதிவு பண்ற அரசாங்கமே கேட்டா புனைபெயர்ல சான்று தருது. எங்க நிஜப்பேரு வெளிய போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

கோபத்துல நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் கேக்கறது இதுதான்: பாஸ்போர்ட்டைப் பாருங்க, விவரத்தை எழுதிக்கோங்க, திருப்பிக் கொடுங்க. சொந்த போன்ல எடுக்காதீங்க. ஸ்கேனர் ரிப்பேர்னா ஒரு பேப்பரும் பேனாவும் போதும். அப்படியே ரூம் நம்பரையும் முழுப்பேரையும் லாபியில சத்தமா படிக்காம ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் கொடுங்க.

அந்த ஹோட்டல் பேரை நான் இங்க போடல. அன்னிக்கு ராத்திரி ஸ்கேனர் வேலை செய்யாத கவுண்டர் எதுன்னு அவங்களுக்கே தெரியும். தயவுசெஞ்சு அந்த போன்ல இருக்கற என் போட்டோவை உங்க முன்னாடி அழிக்கச் சொல்லுங்க, குப்பைத்தொட்டியில இருந்தும் அழிக்கச் சொல்லுங்க. புக்கிங்ல என் ஈமெயில் இருக்கு, அழிச்சாச்சுன்னு ரெண்டு வரி எழுதிப் போட்டா போதும்.