ஒரே அடுப்புதானே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் தன்பாலீர்ப்பாளர்கள் தங்களை மறைக்காமல் வேலை பார்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாட்டுக்கு நாடு சட்டம் எப்படி மாறுகிறது என்பதை நன்றாகச் சொல்லியிருந்தீர்கள். சட்டம் எட்டாத இடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. நான் குன்னூரில் செவிலியர். என் துணை ஒரு பெண்.

முதலில் சவுதியில் இருந்தேன். தன்பாலின உறவே அங்கு குற்றம். அவளுடைய எண்ணை போனில் 'அக்கா' என்று பதிந்து வைத்திருந்தேன். தெரிந்தேதான் போனேன் என்பதால் அதைப் பற்றிப் புகார் இல்லை.

அப்புறம் இங்கிலாந்து. பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. சேர்ந்த அன்றே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். வார்டு மேலாளர் எழுத்தை மட்டும் சரிபார்த்துக்கொண்டார். ஆனால் மதியம் சாப்பிடும்போது ஒரு தமிழ் சிஸ்டர் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அவர் நல்லவர், நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை எனக்கு முன்னால் காலி செய்பவர். ஆனால் அவருடைய நாத்தனார் கோத்தகிரியில் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை விட்டால் அன்று ராத்திரியே அம்மா காதுக்குப் போய்விடும். இரண்டு வருடம் இப்படியே போனது.

தன்பாலின உறவு குற்றமல்ல என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6-ம் தேதித் தீர்ப்பு வந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பும் தைரியம் வந்தது. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, மேட்ரனிடம் உண்மையைச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. ஆனால் குடும்பக் குவார்ட்டர்ஸ் கேட்டபோது கணவர் பெயர் எழுதும் இடத்தில் விரலை வைத்து, "இதை நிரப்பாமல் எப்படி சிஸ்டர்?" என்றார். அவளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த நாளிலும் விடுப்பு கிடைக்கவில்லை. நைட் டூட்டி முடித்து, யூனிஃபார்மோடு முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மயக்கம் தெளிந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

திருநர்களை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்குத் தனியார் வேலையில் அப்படி ஒன்று இல்லை. எங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. நாங்களும் தொடங்கிவிட்டோம். வங்கி எழுதிக்கொள்ளும் பெயரை மருத்துவமனை ஏன் எழுதிக்கொள்ளக் கூடாது? புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'கணவர்' என்பதை 'துணை' என்று மாற்றி அச்சடித்தாலே குவார்ட்டர்ஸும் விடுப்பும் கேட்க வழி பிறக்கும்.

மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று நிர்வாகம் சொல்கிறது. போன மழையில் வீசிங்கோடு வந்த தோட்டத்துப் பாட்டி ஒருவர், நெபுலைசர் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு, "வீட்டுக்காரர் என்ன பண்றார் கண்ணு?" என்று கேட்டார். நானும் ஒரு பெண்ணும்தான் இருக்கிறோம் என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பா?" ஆமாம் என்றேன். "அப்போ குடும்பந்தானே" என்று சொல்லி மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை. அங்கே இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
குன்னூர், நீலகிரி